லிஃப்ட் பாட்டின் கடைசிச் சரணம்

என் இசை வாழ்க்கையில் இதுவரை மூன்று குழுக்கள், ஒரு தனிப் பயணம், ஒரே ஒரு சொந்தப் பாட்டு. அந்த ஒரு பாட்டையும் இந்தத் தீபாவளி வரைக்கும் மேடையில் கடைசிவரை பாடியதில்லை. 'ராக் பாடகி காமினி' என்று அறிமுகப்படுத்துகிறவர்கள் இதை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிடுவார்கள்.

பாட்டு லிஃப்டைப் பற்றியது. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டின் லிஃப்ட். நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்தபோது அது நின்றுபோனது. மற்றவர்கள் காதல் வந்து பாட்டு எழுதுவார்களாம். எனக்கு முட்டிவலி வந்தது, எழுதினேன். முதல் சரணத்தில் அரிசி மூட்டை படியேறும். இரண்டாவதில் நிறைமாதக்காரி படியிறங்குவாள். அப்புறம் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும், லிஃப்ட் நின்ற மாதிரியே. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் மௌனம். அதற்குப் பிறகு வருகிற மூன்றாவது சரணம்தான் பாட்டு. முன்னால் இருப்பதெல்லாம் அதற்குப் படிக்கட்டு.

மூன்றாவது சரணம் அம்மாவைப் பற்றியது. லிஃப்டைப் பழுது பார்த்து முடித்ததும் திறப்புவிழா வைத்தார்கள். ஆமாம், லிஃப்டுக்கு. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். கத்தரிக்கோல் வைத்த தட்டை ஏந்தி நிற்க எங்கள் அம்மா நவமணியைத் தேர்ந்தெடுத்தார்கள். தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றார். டத்தோ ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தார், கைதட்டினோம். அடுத்த வாரமே லிஃப்ட் மறுபடியும் நின்றது. ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து ஒன்பதாவது மாடிக்கு அம்மா இன்றுவரை நடந்துதான் ஏறுகிறார்.

இது அப்போது அம்மாவுக்குத் தெரியாது. லிஃப்ட் அல்ல, சரணம். வீட்டில் நான் பாட ஆரம்பித்தால் இரண்டாவது சரணத்துக்குள் மேல்வீட்டுக் கமால் அண்ணன் தரையை இடிப்பார். நிறுத்திவிடுவேன்.

"ஏண்டி, இந்தப் பாட்டுக்கு முடிவுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"இருக்குமா. மேடையில பாடுறப்ப கேளு."

சொல்வது சுலபம். முதல் குழு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, ஐந்து பேர். பட்டமளிப்பு முடிந்ததும் மூன்று பேர் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனார்கள். மிஞ்சியது நானும் பாஸ் கிட்டார் ஜாஹிரும். இரண்டாவது குழுவின் பெயர் 'சுஜீவன் அண்ட் ஃபிரெண்ட்ஸ்'. நான் ஃபிரெண்ட்ஸ். சுஜீவன் வீட்டு கராஜில் பயிற்சி. அவன் அம்மா செல்வநாயகி ஆன்ட்டி முதல் நாளே பலகாரத் தட்டோடு விசாரணைக்கு வந்தார்.

"பிள்ளை, நீங்கள் எந்த இடம்?"

"ஆயர் ஈத்தாம், ஆன்ட்டி."

"அது சரி. அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் ரப்பர் எஸ்டேட்."

"ஓ," என்றார். அந்த ஓவில் மூன்று தலைமுறை இருந்தது. அதற்குப் பிறகு பலகாரம் கராஜுக்கு வரவில்லை. தினமும் சாயங்காலம் என் பாட்டு பாதியில் இருக்கும்போது மட்டும் அவருக்கு விளக்கு வைக்கும் நேரம் வந்துவிடும். கடைசியில் சுஜீவன் மெல்பர்னுக்கு மேற்படிப்புக்குப் போனான். ஃபிரெண்ட்ஸ் இங்கேயே இருக்கிறோம்.

அப்புறம் தனிப் பயணம். அதாவது, கூட வர ஆள் இல்லை. ஜார்ஜ்டவுன் காப்பிக் கடைகளில், சுவரோவியத்தைப் படமெடுத்துக் களைத்த சுற்றுலாப் பயணிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து பாடுவேன். எல்லாரும் கேட்பது பழைய ஆங்கிலப் பாட்டு. தமிழில் தொடங்கினால், காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினுக்கு உடனே வேலை வந்துவிடும்.

மூன்றாவது குழுதான் இப்போது இருப்பது. நான், ஜாஹிர், டிரம்ஸ் லோகேஸ்வரன். குழுவின் பெயரை லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பிலிருந்து எடுத்தோம். 'ரோசாக்'. மலாய் மொழியில், பழுது. பொய் சொல்லாத ஒரே அறிவிப்பு அந்தக் கட்டடத்தில் அதுதான்.

எங்களுக்கும் ஒரு மேடை வந்தது. சங்கச் செயலாளர் அய்யாக்கண்ணு அண்ணன் போன் போட்டார். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, யாரும் வந்து சாப்பிடலாம், டவுன் மண்டபம், மத்தியானம். வழக்கமாகப் பாடுகிறவர்கள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

"டத்தோவுக்கு இந்த வருசம் இளைஞர் எழுச்சி வேணுமாம், தங்கச்சி. நீங்க எழுச்சியா ஏதாச்சும் பாடுங்க. மைனஸ் ஒன் பெண்டிரைவ்ல கொண்டாந்துடுங்க."

மைனஸ் ஒன் என்றால் பாடகர் குரலை மட்டும் எடுத்துவிட்டு விற்கும் சினிமாப் பாட்டின் இசை. நம் விழாக்களில் அதைப் போட்டுவிட்டு மேலே பாடுவார்கள்.

"அண்ணே, நாங்க பேண்டு. நாங்களே வாசிப்போம்."

"தெரியும் லா. இருந்தாலும் ஒரு சேஃப்டிக்கு."

எந்த டத்தோ என்று கேட்டேன். அவரேதான். கத்தரிக்கோல் டத்தோ.

அம்மா ஓவர்டைமை விட்டுவிட்டு, அதே தீபாவளிப் புடவையில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி அக்கா ஒருவர் எனக்கும் கேட்கிற மாதிரியே விசாரித்தார்: "டிகிரி படிச்ச புள்ளதானே? ஏன் இப்படி?" அம்மா, "இது பார்ட் டைம்" என்றார்.

"அடுத்து, ரோசாக் இன்னிசைக் குழு!" என்றார் அய்யாக்கண்ணு அண்ணன். தொடங்கினோம். முதல் சரணம் முடிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. அரிசி மூட்டைக்குச் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். நிறைமாதக்காரி இரண்டு படி இறங்கியிருப்பாள், அதற்குள் வாசலில் பரபரப்பு. "ஸ்டாப், ஸ்டாப்! டத்தோ வந்துட்டாரு!" கூட்டம் எழுந்து நின்றது. ஸ்பீக்கரில் பதிவு செய்த நாதஸ்வரம் கிளம்பியது. லோகேஸ்வரன் குச்சியைத் தூக்கியபடியே நின்றான்.

அப்புறம் மாலை, பொன்னாடை, உரை. உரையில் இளைஞர்கள் எழ வேண்டும் என்றார். நாங்கள் எழுந்துதான் நின்றுகொண்டிருந்தோம், உட்கார நாற்காலி தரவில்லை. உரை முடிந்ததும் டத்தோ மைக்கை விடவில்லை. எந்த டத்தோ விட்டிருக்கிறார்? அவருக்கும் ஒரு பாட்டு உண்டு. எல்லா விழாவிலும் அதே காதல் பாட்டு, அவர் கொண்டுவருகிற மைனஸ் ஒன்னில்.

சவுண்ட் சிஸ்டம் ஆள் பெண்டிரைவைச் செருகினார். உருவி, ஊதி, மறுபடியும் செருகினார். மண்டபம் காத்திருந்தது. டத்தோ ஒரு கையை நெஞ்சில் வைத்துப் பல்லவிக்குத் தயாராக நின்றார். எதுவும் வரவில்லை.

அய்யாக்கண்ணு அண்ணன் வியர்வையோடு ஓடிவந்தார். "தங்கச்சி, அந்தப் பாட்டு வாசிக்கத் தெரியுமா?"

"ஏன்ணே, சேஃப்டிக்கு ஏதாச்சும் இருக்குமே?"

"காலை வாரிடாதம்மா."

எனக்கு அந்தப் பாட்டு தெரியும். பினாங்கில் விழாவுக்குப் போகிற யாருக்குத்தான் தெரியாது? "வாசிக்கிறோம். ஆனா அதுக்கப்புறம் எங்க பாட்டு. முதல்லேருந்து கடைசி வரைக்கும். அது முடியிற வரைக்கும் பிரியாணி மூடியைத் திறக்கக் கூடாது."

அவர் முகம் கறுத்தது. பின்சுவர் ஓரம் சட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. நம் விழாக்களில் மூடி திறந்துவிட்டால் அதற்குப் பிறகு மேடையில் யார் இருந்தாலும் ஒன்றுதான். "எல்லாரும் பசியில இருக்காங்கம்மா."

"டத்தோவும் கையை நெஞ்சில வெச்சிக்கிட்டு இருக்காரு."

"சரி, சரி! பாட்டு முடிஞ்சதும்தான் சாப்பாடு. போதுமா?"

டத்தோ பாடினார். சுருதியில் தொடங்கி, சரணத்துக்குள் தீவின் மறுகோடி பாலிக் புலாவ் வரைக்கும் போய்விட்டார். ஜாஹிர் பின்னாலேயே துரத்திக்கொண்டு போய் ஒருவழியாகக் கூட்டிவந்தான். மைனஸ் ஒன் அப்படித் துரத்தாது. பலத்த கைதட்டல், எங்களுக்கு அல்ல. டத்தோ முன்வரிசை மேசையில் உட்கார்ந்தார். அவருக்குச் சாப்பாடு இருக்கும் இடத்துக்கே வரும்.

மறுபடியும் அரிசி மூட்டை. மறுபடியும் நிறைமாதக்காரி, இந்த முறை கீழ்த்தளம் வரைக்கும் இறங்கினாள். பசியோடு இருக்கும் கூட்டம் போல உன்னிப்பாகக் கேட்கிற கூட்டம் கிடையாது, எப்போது முடியும் என்று ஒவ்வொரு சொல்லையும் கவனிப்பார்கள். மூன்று பேரும் ஒரே அடியில் நிறுத்தினோம். மௌனம். மூச்சை இழுத்தேன்.

"நன்றி, நன்றி! ரோசாக் இன்னிசைக் குழு!" அய்யாக்கண்ணு அண்ணனின் குரல் ஸ்பீக்கரில் பாய்ந்தது. "சாப்பாடு ரெடி, எல்லாரும் வாங்க!"

நான் அவரிடம் சொல்லியிருக்கலாம், நடுவில் நிற்கும் என்று. நம் ஆட்களுக்கு மௌனம் என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம், அதையாவது யோசித்திருக்கலாம். நாற்காலிகள் அலறின. மொத்த மண்டபமும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டிகளை நோக்கி ஓடியது. அதில் தீபாவளிப் புடவையும் இருந்தது.

லோகேஸ்வரன் என்னைப் பார்த்தான். "அவ்ளோதானா?"

"அடி," என்றேன்.

அடித்தான். நான் முதுகுகளுக்குப் பாடினேன்.

*ரிப்பன் வெட்ட வந்தவரே, கத்தரிக்கோலு சௌக்கியமா?*
*தட்டேந்தி நின்ன பொண்ணு இன்னும் படி ஏறுறா!*
*ஒன்பதாவது மாடிக்கு ஒருநாளு வாங்களேன்,*
*மூச்சு வாங்க வாங்க, டீ போட்டு வெக்கிறோம்!*

வரிசையின் முன்னால் ஏதோ அடைத்துக்கொண்டது. "அக்கா, நகருங்க லா! சோறு ஆறுது!" அம்மா பிரியாணிச் சட்டிக்கு நேராகக் கரண்டியைப் பிடித்தபடி, மேடைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பின்னால் ஒருவர் தட்டால் இடித்தார். அம்மா நகரவில்லை.

"இருங்க. பாட்டு இன்னும் முடியல."

"அதான் நன்றின்னு சொல்லிட்டாங்களே!"

"அவரு சொன்னா? பாடுறது எம்பொண்ணு."

கரண்டி அம்மாவிடம் இருந்தது. வேறு வழியில்லாமல் வரிசை முழுக்க நின்றது. சரணத்தை இரண்டாம் முறையும் பாடினேன், கிட்டாரை அடிக்கிற அடியில் ஒரு கம்பி அறுந்தது. முடித்தேன். கைதட்டல் இல்லை, எல்லார் கையிலும் தட்டு. அம்மா கரண்டியைச் சட்டிக்குள் விட்டார்.

டத்தோ எங்களைக் கைகாட்டி அழைத்தார். ஆட்டுக்கறி எலும்பைக் கீழே வைத்து, விரலைத் துடைத்தார். கேட்டிருக்கிறார், கண்டிப்பாகக் கேட்டிருக்கிறார், முன்வரிசையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். திட்டுவார் என்று மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

"ரொம்ப நல்ல டியூன். எழுச்சி இருக்கு. கடைசியில அந்த டீ, ரிப்பன், பிரமாதம்! இதுக்கு மைனஸ் ஒன் இருக்கா? அடுத்த நிகழ்ச்சியில நான் பாடுறேன்."

எனக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னார், ரொம்ப மரியாதையாக.

"வீட்ல இருக்குங்க டத்தோ. ஒன்பதாவது மாடி. வந்து வாங்கிக்குங்க."

டத்தோ சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அம்மா ஒரு தட்டை என் கையில் திணித்தார்.

"சாப்பிடு. அந்த டிரம்ஸ் தம்பியைக் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லு, வார்த்தை விளங்கல."

"எது விளங்கல?"

"அரிசி மூட்டை," என்றார் அம்மா. "மத்ததெல்லாம் விளங்குச்சு."