அட்டியடியில் ஒரு சோடிச் செருப்பு

மில்லர்புரம் போகிற வழியில் இருந்த அந்த ரேஷன் அரிசிக் கிடங்கில் அந்த வருஷம் வண்டு அதிகம். எவ்வளவு என்றால், சாயங்காலம் தெற்கே பார்த்து அடுக்கிய மூட்டை காலையில் கிழக்கே பார்த்து நிற்கும். தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் சிவசுப்பிரமணியன் இதை நம்பவில்லை. திரும்பி நின்ற மூட்டைகளை நேராக்கி வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

வண்டுக்கு மருந்து வைக்கிற நாள் அவருக்குப் பிடிக்காது. கூரையைத் தொடுகிற மாதிரி அடுக்கிய மூட்டைகளை அட்டி என்பார்கள். அந்த அட்டியை மொத்தமாகப் பிளாஸ்டிக் உறையால் மூடி, உள்ளே மாத்திரை வைத்து, ஓரங்களை மணல் பைகளால் அமுக்க வேண்டும். மாத்திரை காற்றின் ஈரத்தைக் குடித்து மெல்ல விஷவாயுவாகும். உள்ளே இருப்பது வண்டா ஆளா என்று அது விசாரிக்காது.

அதனால் மூடுவதற்கு முன் மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்பது விதி. சிவசுப்பிரமணியனுக்கு உயரம் ஆகாது. கீழே நின்று, “மேல யாரும் உண்டாலே?” என்று கேட்பார். பதில் வராவிட்டால் மூடச் சொல்லிவிடுவார்.

அன்றும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படித்தான் மூடினார்கள். லோடுமேன்கள் டீக்குப் போனார்கள். அவர் அட்டியை ஒரு சுற்று வந்தவர், வடக்கு மூலையில் நின்றுவிட்டார்.

மணல் பையை ஒட்டி ஒரு சோடி ரப்பர் செருப்பு. ஒன்றின் வார் நீலம், மற்றதன் வார் பச்சை.

அந்தக் கிடங்கில் யாரும் செருப்புக் காலோடு அரிசி மூட்டையில் ஏறமாட்டார்கள். திங்கிற சாமானை மிதிக்கலாமா? கீழே கழற்றிப் போட்டுவிட்டு ஏறுவார்கள், இறங்கியதும் மாட்டிக்கொள்வார்கள். செருப்பு கீழே கிடந்தால் ஆள் மேலே.

“அண்ணாச்சி!” என்று கூப்பிட்டார்.

மேஸ்திரி வீரபாகு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்தார். செருப்பைக் கண்டதும் மெல்லுவது நின்றது.

“இது இசக்கிராஜா செருப்புல்லா. சோறு தின்னா மேல ஏறி உறங்குவான், சவம்.”

“டீக்குப் போனவங்கள்ல இருந்தானா?”

“பாக்கலையே சார். இரிங்க, போன் அடிக்கேன்.”

மணி கேட்டது. வாசல் பக்கம் இல்லை. உறைக்குள்ளே, உச்சியிலிருந்து. அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

உறங்குகிறவன் பதில் சொல்லமாட்டான் என்பது சிவசுப்பிரமணியனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“கதவெல்லாம் தொறந்து விட்டுட்டு வெளிய போங்க அண்ணாச்சி!”

“நீங்க?”

அவர் முகமூடியை மாட்டிக்கொண்டார். மூட்டை குத்திப் பார்க்கிற குத்தூசியால் உறையைக் கிழித்தார். ஏறும் முன்பு, அந்த நேரத்திலும், கால் தானாக ஷூவைக் கழற்றி அந்தச் செருப்புப் பக்கத்தில் விட்டது.

உச்சியில் உறை முதுகை அழுத்தியது. முகமூடிக்குள் சொந்த மூச்சே யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டது. மங்கிய வெளிச்சத்தில் ஒரு ஆள் ஒருக்களித்துக் கிடந்தான். தலை, தோள், மடக்கிய முழங்கால். அசைவில்லை.

“இசக்கி...”

தோளைத் தொட்டார். தோள் கலைந்தது.

கை, கழுத்து, தலை எல்லாம் கலைந்து, கறுப்பாக நாலா பக்கமும் ஓடின. ஆள் படுத்த பள்ளத்துச் சூட்டுக்கு வண்டுகள் வந்து நிறைந்திருந்தன. நடுவில் போன் மட்டும் கிடந்தது.

அவர் இறங்கினாரா விழுந்தாரா என்று வீரபாகுவால் இன்றும் சொல்ல முடியாது. அவரை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டபோது, வெறுங்காலோடு வெயிலில் துள்ளித் துள்ளி இசக்கிராஜா வந்தான்.

“என் செருப்பப் பாத்தியளா? உறை ஏறுத சத்தத்துல முழிச்சுட்டேன். இந்தப் பக்கம் சார் நின்னாவ. உறங்குனதுக்கு ஏசுவாவன்னு அந்தப் பக்கமா இறங்கி ஓடிட்டேன்.”

“ஏலே, கோட்டிப்பயலே!” என்று வீரபாகு கையை ஓங்கினார். சிவசுப்பிரமணியன் அவன் காலைப் பிடித்துப் பார்த்தார். கால்தான். கலையவில்லை.

வாயு போய்விட்டது. வேறு உறை வந்தது, மறுபடி மூட வேண்டும். இந்த முறை அவரே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மேலே ஏறினார். உச்சியில் கண்ணைத் திறந்து, லோடுமேன்கள் எல்லாரும் கீழே செருப்போடு நிற்பதைப் பார்த்துக்கொண்டார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார்.

கறுப்பாக அவன் படுத்திருந்தான். இப்போது மறுபக்கமாக ஒருக்களித்து.

“சார், மூடலாமா?” என்று கீழேயிருந்து இசக்கிராஜாவே கேட்டான்.

சிவசுப்பிரமணியன் கீழே தெரிந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.