அணை சாய்ந்த திசை

பனி உருகும் ஜூன். பத்து நாளில் நீர்மட்டம் நான்கு மீட்டர் ஏறியது. நீர் ஏறினால் அணை வெளிப்பக்கம் சாயும், இறங்கினால் திரும்பி வரும். சில மில்லிமீட்டர்தான். பத்து நாளுக்கு ஒருமுறை அணைக்குள் இருக்கும் சுரங்கத்தில் இறங்கி அதை அளப்பது என் வேலை. உச்சியிலிருந்து தொண்ணூறு மீட்டர் கம்பி தொங்குகிறது. நுனியில் எடை. எடை ஆடாமலிருக்க எண்ணெய்த் தொட்டி. கம்பி நிற்கும் இடத்தை உருப்பெருக்கியில் பார்த்து எழுதுவேன்.

பத்து நாளுக்கு முன், செவ்வாயன்று, 12.4. இம்முறை பதினான்கை ஒட்டி இருக்க வேண்டும். 11.9 இருந்தது.

அணை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்தது.

மூன்று முறை பார்த்துவிட்டு மேலே வந்து உலார்பெக்கிடம் சொன்னேன். பிரிவின் தலைவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். அக்கா என்பதற்கு எங்கள் ஊரில் எஜே.

"எஜே, கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம்."

"அப்ப புதுசுதான்."

விதி இருவருக்கும் தெரியும். பன்னிரண்டு மணிக்குத் தலைநகருக்கு எண் போக வேண்டும். எண் சந்தேகமென்றால் நீர் நிரப்புவதை நிறுத்தி மதகைத் திறக்க வேண்டும். திறந்தால் குளிர்காலத்தில் பாதி மின்சாரம்தான்.

பதிவேட்டை என் பக்கம் தள்ளினான்.

"14.3 போட்டுருங்க. இத்தனை வருஷ அளவை வச்சு வரைஞ்ச கோடு இருக்கு. அது சொல்ற எண்தான்."

"கோடு கீழ இறங்கிப் பாக்கல."

"நீங்க பாத்ததும் தப்பா இருக்கலாம்ல?"

"இருக்கலாம். ஆனா கையெழுத்து என்னோடது. உன்னோடதுன்னா நாப்பதுகூடப் போட்டுக்கோ."

கடிகாரத்தைப் பார்த்தான். பத்து மணி. "பன்னெண்டு வரைக்கும் பாருங்க. மதகைத் திறந்தா, கரண்ட் இல்லாத குளிர்ல எங்க மாமனார் என் வீட்டுக்குக் குடிவந்துடுவார்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சுரங்க வாசலில் காவலாளி ஒமுர்சாக். வயதில் மூத்தவர், அதனால் எனக்கு பைகே, அண்ணன்.

"மறுபடியுமா?"

"அணை தண்ணிப் பக்கம் சாஞ்சிருக்கு, பைகே."

"பாவம், தாகமா இருக்கும்." பின்னாலேயே வந்தார்.

இந்த முறை உருப்பெருக்கியைத் தொடவில்லை. கம்பி வழியே வெளிச்சத்தைக் கீழே இறக்கினேன். தொட்டி இடம் மாறியிருந்தது. அதற்கும் வெளிப்பக்கச் சுவருக்கும் நடுவே, கம்பளி சுற்றிய ஒரு பெரிய பால் கேன். தொட்டியின் விளிம்பு எடையைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"குமிஸ்." புளித்த குதிரைப் பால், லேசாகப் போதை ஏறும். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மச்சான் மேய்ச்சல் மலையிலேந்து அனுப்பினான். மேல வச்சா வெயில்ல மூடி தெறிக்குது. இங்க ஜில்லுன்னு இருக்கு. அந்த வாளிய லேசா நகத்தினேன்."

"அது வாளி இல்ல."

"இப்பதான் தெரியுது."

"தினமும் வந்து கடைஞ்சீங்களா?"

"கடையாம விட்டா அது குமிஸா?" புண்பட்டுவிட்டார்.

"எப்ப வச்சீங்க?"

பழைய அளவும் தவறென்றால் ஒப்பிட எதுவுமே இல்லை.

"போன வெள்ளிக்கிழமை."

செவ்வாய்க்குப் பிறகு. 12.4 பிழைத்தது.

இருவருமாகக் கேனைத் தூக்கி வெளியே வைத்தோம். தரையில் பெயிண்ட் அடித்த குறிக்குத் தொட்டியை நகர்த்தினோம். கம்பி அடங்க நாற்பது நிமிடம். படியில் உட்கார்ந்தோம். அவர் ஒரு கிண்ணம் நீட்டினார்.

"அளந்துட்டுக் குடிக்கிறேன்."

"அதுவும் சரிதான். ரெண்டு கம்பி தெரிஞ்சா கஷ்டம்."

13.6. மறுபடி பார்த்தேன். 13.6.

மேலே உலார்பெக் எண்ணைப் பார்த்தான். "கோடு சொன்னதைவிடக் கம்மியா இருக்கே."

"மே மாசம் வெயில் ஜாஸ்தி. வெளிப்பக்கம் சூடானா அணை கொஞ்சம் தண்ணிப் பக்கம் வரும். இந்த வருஷ வெயில் உன் கோட்டுக்குத் தெரியாது."

"சரி. முதல் அளவு தப்பானதுக்குக் காரணம்?"

"குமிஸ்."

"எஜே, தலைநகர்ல படிப்பாங்க. 'வெளிப்பொருள்'னு போடுங்களேன்."

"வெளிப்பொருள்னா என்ன பொருள்னு கேப்பாங்க. அப்ப நீதான் சொல்லணும்."

எழுதினேன்: குமிஸ் கேன் வைக்கத் தொட்டி நகர்த்தப்பட்டது. 11.9 செல்லாது. தொட்டியைச் சரிசெய்தபின் 13.6. கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அவன் தொலைபேசியை எடுத்துப் பதிவேட்டில் இருந்ததைப் படித்தான். எதிர்முனையில் எண்ணை உடனே குறித்துக்கொண்டார்கள். காரணத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள்.

மதகுகள் மூடியே இருந்தன.