மீன் புரதமும் மின்சாரமும்

மனிதகுலம் சிலிக்கானிடம் கைகட்டி நின்ற காலம் இன்றோடு முடிந்தது என்று பேராசிரியர் அறிவித்தார். அன்று நிஜமாக முடிந்தது ஆய்வுக்கூடத்து ஏ.சி.யின் ஆயுள் மட்டும்தான்.

விஷயம் ஒரு பிளாஸ்டிக் மை. கண்ணாடியில் பூசிக் காயவைத்தால் சிலிக்கானுக்கு மாற்றான குறைகடத்திப் படலம் ஆகும். மின்சாரம்தான் அதில், கடன் கொடுத்தவன் தெருவில் நடப்பவன்போல, தயங்கித் தயங்கிப் போகும். மீனிலிருந்து எடுத்த புரதத்தைக் கலந்தால் மையின் மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசையில் நிற்கும், மின்சாரம் ஓடும் என்பது பேராசிரியரின் கொள்கை. ஓடவைத்துக் காட்டுவது அவருடைய ஆராய்ச்சி மாணவியின் தலையெழுத்து. தேர்வாளர்கள் முன்னால் ஓடினால் டாக்டர் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இதே ஸ்டூல்.

பேராசிரியர் விருந்தினர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது பூசிய படலங்களில் மின்சாரம் ஓடியது. அவள் தனியாகப் பூசியவற்றில் அசையவே இல்லை.

“உன் கைராசி அப்படி,” என்றாள் பக்கத்து மேஜைத் தோழி.

“சும்மா இருடி.”

மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஓடிய படலங்களில் எல்லாம் பொட்டுப் பொட்டாய்த் துளிகள். பேராசிரியர் நின்ற பக்கம் அதிகம்.

தோழி எட்டிப் பார்த்தாள். “அடிப்பாவி! முன்பெஞ்சுல உக்காந்து பாடம் கேட்டவ நான். இந்தத் தூறல் எனக்குத் தெரியாதா?”

மாணவி வெறும் மையைப் பூசி, ஈரம் காயுமுன் பேராசிரியரைக் கூப்பிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள். மீன் இல்லாமலே ஓடியது.

தேர்வு நாளன்று பேராசிரியர் மாஸ்க் போட்டு வந்தார்.

“சார், மாஸ்க்கை இறக்கிட்டு, புரதத்தைப் பத்தி நீங்களே சொல்லுங்களேன்,” என்றாள் மாணவி.

அவருக்கு வேறென்ன வேண்டும்? அவள் பூசிவைத்த வெறும் மையின் ஈரப் படலத்தின்மேல் குனிந்து முழங்கினார். காய்ந்ததும் திரையில் மின்சாரக் கோடு ஜிவ்வென்று ஏறியது.

“பிரமாதம். இது எந்த மீன்?” என்றார் மூத்த தேர்வாளர் அம்மையார்.

ஏதாவது ஒரு மீன் பெயரைச் சொன்னால் பட்டம் கையில். மாணவி தொண்டையைச் செருமினாள்.

“மீன் இல்லைங்க மேடம். சாரோட எச்சில்.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தார்.

“எச்சில்லயும் புரதம் இருக்கும்மா. உள்ளதை உள்ளபடி எழுதிடு, கையெழுத்துப் போடறேன்.”

“உயிர்ப்பொருள்னு நான் ஆரம்பத்துலயே சொன்னேனே!” என்றார் பேராசிரியர்.

ஆய்வு இப்போது ஜோராக நடக்கிறது. தினமும் காலையில், பல் துலக்குவதற்கு முன், பேராசிரியர் ஒரு குப்பியில் துப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறார்.