கெளுத்திக் குளத்து பாக்டீரியா

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் ஆய்வுக்கூட நண்பன் குகன் இன்னும் வெளிவராத கட்டுரையைக் கைப்பேசியில் காட்டியபோதுதான் புது பாக்டீரியா இனத்தின் பெயர் மார்வினுக்குத் தெரிந்தது. அதில் கிளாரிசா இல்லை. 'டத்தோ' பட்டம் பெற்ற மீன்குளத்து முதலாளியின் பெயர் இருந்தது.

கிளாங்கில் அவருடைய குளங்களில் கெளுத்தி மீன்கள் செவுள் வெளுத்துச் செத்தபோது, அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தவள் மார்வினின் மனைவி கிளாரிசா. ஆய்வுக்கூடத்தின் வளர்ப்புத் தட்டில் அது மஞ்சளாக வளர்ந்தது. மரபணு வரிசை, தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. கட்டுரையைப் பாதி எழுதியிருந்தபோது டெங்கிக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. மூவரும் ஒரே ஆய்வுக்கூடம். சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன் குகன்.

அடக்கம் முடிந்த கையோடு அவன் மார்வின் வீட்டுக்கு வந்தான். புது இனத்துக்கு அவள் பெயரையே வைக்கலாம் என்றான். ஒரே சிக்கல்: கட்டுரை எழுதியவர் பெயரையே இனத்துக்கு வைப்பது இந்தத் துறையில் வழக்கமில்லை. எழுதியவர்கள் வரிசையிலிருந்து அவளை எடுத்தாக வேண்டும். கட்டுரையை ஊர் மறந்துவிடும், இனத்தின் பெயர் நிற்கும் என்று நினைத்து மார்வின் சம்மதித்தான்.

இப்போது இரண்டிலும் அவள் இல்லை.

"டத்தோ இன்னொரு ப்ராஜெக்ட் தரேன்னாரு மச்சான். நான் என்ன பண்றது? நன்றி சொல்ற இடத்துல கிளாரிசா பேரு இருக்கு லா."

மார்வின் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டான். அவள் போனதிலிருந்து எதிலும் ருசி இல்லை.

பிறகுதான் குகன் வந்த காரியத்தைச் சொன்னான். புதுப் பெயர் செல்லுபடியாக வேண்டுமென்றால் உயிருள்ள பாக்டீரியா இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பியது வளரவில்லை. அவனிடம் மீந்ததில் வேறு கிருமி கலந்துவிட்டது. கிளாரிசா உறையவைத்த மூலக் குப்பிகள் மார்வின் பொறுப்பில் இருந்தன.

"ஒண்ணு குடு, போதும். அவளுக்காகச் செய்டா."

"அவ பேரை எடுக்கச் சொன்னப்பவும் இதேதான் சொன்னே."

மார்வின் தன் நிபந்தனையைச் சொன்னான்.

"கட்டுரையில முதல் பேரா அவளைப் போடு. இனத்துக்குத்தான் அவ பேரு வைக்கலையே, இப்பத்தான் தடையே இல்லையே. பிறகு தரேன்."

"அது முடியாது மச்சான். முதல் பேரை வச்சுத்தான் என் ப்ரமோஷனே நிக்குது."

மார்வினுக்கு அப்போதுதான் புரிந்தது. டத்தோ பேச்சே பிறகு வந்தது. அவளை எடுத்தது இனத்துக்குப் பெயர் வைக்க அல்ல. முதல் இடத்தைக் காலி செய்ய. அதற்குத் தானே தலையாட்டியிருக்கிறான்.

இலையை மடிக்காமலே எழுந்தான்.

ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஒரு குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தட்டில் கீறி வைத்தான். மறுநாள் மஞ்சள் புள்ளிகள் தென்பட்டன. உயிர் இருந்தது. உட்கார்ந்து வெளிநாட்டுச் சேமிப்பகத்துக்கு எழுதினான்: மூலக் குப்பி என்னிடம் இருக்கிறது. பிரித்தெடுத்தவர் கிளாரிசா. அவரை முதலில் குறிப்பிடாத எந்தக் கட்டுரைக்கும் இதைத் தரமாட்டேன்.

அதுவரை அந்த இனம் பெயரில்லாமலே கிடக்கும். அவள் போனதிலிருந்து வராத அழுகை, அந்தக் கடிதத்தை அனுப்பும்போதும் அவனுக்கு வரவில்லை.