தண்ணீருக்குள் எறும்பு

தங்கை வீட்டுப் புது நீச்சல்குளத்தில் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஆகிறது. பதினொரு மணிக்கு அவள் மகளின், அதாவது என் மருமகளின், தோழிகள் குளிக்க வருகிறார்கள். பத்தரைக்கு மாப்பிள்ளை என்னைப் போனில் கூப்பிட்டு, "மச்சான், குளத்து லைட்டு மினுக்கு மினுக்குங்குது. சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுங்க" என்கிறார்.

இருபது வருடமாக லைசென்ஸ் வைத்து வயரிங் செய்கிறவன் நான். இந்த வேலைக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், "உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு வீடியோ பாத்து நானே முடிச்சிட்டேன்" என்று சிரிக்கிறார். வேறு யாராவது என்றால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளையாயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

குளத்து ஏணியைச் சுற்றி ஏதோ வெள்ளைப் பொடி தூவியிருந்தது. அதைத் தாண்டிப் போய் ஜங்ஷன் பெட்டியைத் திறந்தேன். வயருக்குக் கண்டியூட் பைப் போடாமல், செடிக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸைப் போட்டிருந்தார். திரும்பும் இடத்தில் எல்போ இல்லை, ஹோஸையே மடக்கிக் கயிறு கட்டியிருந்தார். பெட்டிக்குள் நுழையும் ஓட்டைக்கு டேப், அதுவும் பார்சல் ஒட்டுகிற டேப். உள்ளே அரை டம்ளர் தண்ணீர் நின்றது.

"கரன்ட் கசிஞ்சா டிரிப் சுவிட்ச் விழுந்து லைனைக் கட் பண்ணியிருக்கணுமே, மாப்பிள்ளை?"

"அது சும்மா சும்மா விழுந்துட்டே இருந்துச்சு மச்சான். கழட்டிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையில்தான். நாய் விடாமல் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து போட்ட மனிதரிடம் என்ன பேசுவது?

ஓடிப் போய் மெயினை அணைத்தேன். "இன்னிக்கு யாரும் தண்ணியில இறங்கக் கூடாது" என்றேன். நீச்சல் உடையில் தயாராக நின்ற மருமகள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"வந்ததும் வராததுமா குழந்தைய அழ வச்சிட்டியேண்ணா! உனக்கு எல்லாத்துலயும் குத்தம்தான்" என்று தங்கை என்மேல் பாய்ந்தாள்.

மருமகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் மூக்கை உறிஞ்சியபடி, "எறும்பெல்லாம் போயிருக்கும் மாமா. அப்பா மருந்து போட்டுட்டாரு" என்றாள்.

"எந்த எறும்பு?"

"தண்ணிக்குள்ள இருக்குற எறும்பு. நேத்து ஏணியப் புடிச்சிக்கிட்டுக் கால விட்டேனா, சுருக்கு சுருக்குனு கடிச்சுது."

குழந்தையைக் கடித்தது கரன்ட். அதற்கு இந்த மனிதர் ஏணியைச் சுற்றி எறும்புப் பொடி தூவியிருக்கிறார்.

தங்கைக்கும் புரிந்துவிட்டது. குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கி, இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல மச்சான், நான் என்ன நெனச்சேன்னா..."

"வாய மூடுடா" என்றேன்.

கல்யாணமாகி எட்டு வருடத்தில் நான் மாப்பிள்ளையை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. தங்கை குழந்தையோடு என் பக்கம் வந்து நின்றாள்.