இப்திகார் நின்ற இடம்

என் கால் முறிந்த கதையை நான் இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடமும் எங்கள் கிரிக்கெட் அணித் தலைவன் டிலானிடமும் சொன்னது, காலி வீதியில் பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கப் போய் விழுந்தேன் என்று. கேட்பவர்கள் உடனே பஸ்காரர்களைத் திட்டத் தொடங்குவார்கள். என்னைப் பற்றிய விசாரணை அத்துடன் முடிந்துவிடும்.

உண்மை வேறு. வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் ஐந்தாம் மாடி நடைபாதையில், மழை பெய்த ஒரு சனிக்கிழமை, கையில் பந்தே இல்லாமல் நான் பந்து வீசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்து, துள்ளி, இடது காலை ஊன்றிய இடத்தில் பக்கத்து வீட்டு டோரின் அக்காவின் செருப்பு கிடந்தது. என் வயது நாற்பத்தாறு. தொழில், கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது. இவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது.

சத்தம் கேட்டு ரமணி வெளியே வந்தபோது நான் செருப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அது அவங்கட வாசல்ல கிடந்த செருப்பு. நீங்கதான் அங்க ஓடிப் போனீங்க" என்றாள். பதினெட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியும் பக்கச் சார்பு அவளிடம் வரவேயில்லை.

எலும்பு டொக்டரைப் பார்க்கப் பணம் கட்டி நம்பர் எடுத்துச் சனல் பண்ணினோம். முப்பத்தெட்டாம் நம்பர். இரண்டரை மணித்தியாலம் காத்திருந்த பிறகு, அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மூன்று செக்கன் பிடித்துப் பார்த்தார். சுண்டு விரலுக்குப் பின்னால் போகிற எலும்பு முறிந்திருக்கிறது என்றார். ஆறு வாரம் மாக்கட்டு. பன்னிரண்டு வாரத்துக்கு ஓடவும் துள்ளவும் கூடாது. திரும்பி வரும்போது த்ரீவீலில் உட்கார்ந்து போனில் கலண்டரைப் பார்த்தேன். எங்கள் மட்ச் பத்தாவது வாரத்தில் இருந்தது.

அந்த மட்ச்சைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொப்ட்போல் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், ஐந்து ஓவர். கீப்பரைத் தவிர மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு ஓர் ஓவர் போட்டே ஆகவேண்டும். ஒரே வருடத்தில் படித்தவர்கள் ஒரு பட்ச்; ஒவ்வொரு பட்ச்சும் தன் சொந்த ஆட்களை வைத்தே ஆடவேண்டும், வெளியாளை இரவல் வாங்க முடியாது. எங்கள் பட்ச்சில் தொண்ணூறு பேர் இருந்தோம். இன்று ரொறொன்ரோவில் ஒரு கூட்டம், லண்டனில் ஒரு கூட்டம், மெல்பேணில் கொஞ்சம். கொழும்பில் மிச்சம் இருப்பது சரியாக ஆறு பேர். வட்ஸ்அப் குழுவில் தொண்ணூறு பேரும் ஆலோசனை சொல்வார்கள். மைதானத்துக்கு வருவது ஆறு பேர்தான்.

அந்த ஆறு பேரில் கடைசி ஓவர் என்னுடையது. பதினான்கு வருடமாக என்னுடையது. வேகம் என்று ஒன்றும் கிடையாது, ஆனால் எந்தப் பந்தை எங்கே போடவேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். வாழ்க்கையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த இடம் அந்த ஆறு பந்துகள்தான். கடையில் ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் "ஒன்றா தெளிவு, இரண்டா தெளிவு" என்று கேட்கிறேன், அதற்காக என்னை யாரும் தோளில் தூக்கியதில்லை. அதனால் அந்த ஓவரை விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இருக்கவில்லை.

மாக்கட்டோடு இருந்த நாட்களில் இப்திகார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்து வருவான். எங்கள் கீப்பர் அவன். இரண்டு ஒழுங்கை தள்ளி டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். பேக்கரியில் மீன் அடைத்த மாலுபான் வாங்கி வருவான். வந்து உட்கார்ந்தால் அதிகம் கதைக்கமாட்டான், என் காலைப் பார்ப்பான், ஃபேனைப் பார்ப்பான், மாலுபான் முடிந்ததும் எழும்பிப் போவான். நான் எங்கே பந்து போடப் போகிறேன் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்கிறவன் அவன். "இப்திகார் என்ட மனச வாசிக்கிறவன்" என்று கல்யாண வீடுகளில் சொல்வேன். என் மனதில் வாசிப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். அவன் பக்கத்தில் நின்று சிரிப்பான்.

மாக்கட்டை வெட்டியபோது உள்ளே இருந்த கால் என்னுடையது மாதிரி இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, யாரோ இரவல் தந்த கால். ரபீக்கா என்ற பிசியோதெரபி மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். நிலத்தில் துவாயை விரித்து, கால்விரலால் சுருட்டச் சொன்னார். பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். எட்டாவது வாரம், என்ன விளையாடுவீர்கள் என்று கேட்டார்.

"கிரிக்கெட். போலிங்."

"துள்ளி விழுறது எந்தக் கால்ல?"

"இந்தக் கால்ல."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நடங்க. குந்துங்க. பக்கவாட்டில எட்டி வைங்க, அது பரவாயில்ல. துள்ளி மட்டும் விழாதீங்க. எலும்பு இன்னும் ஒட்டி முடியல்ல. திரும்பி வெடிச்சா ஒப்பரேசன்தான்."

அன்று பின்னேரமே டிலானுக்குப் போன் எடுத்து, பிசியோ முழுதாக ஓகே சொல்லிவிட்டார் என்றேன். பஸ் கதையைச் சொன்னபோது கொஞ்சம் கூச்சம் இருந்தது. இந்தத் தடவை அதுவும் இல்லை.

மட்ச்சுக்கு முதல்நாள் பின்னேரம் மெரின் டிரைவ் பக்கம் ஒரு வெறும் காணியில் கூடினோம். இப்திகார் கையுறைகளை மாட்டிக்கொண்டு நின்றான். நான் ஓடி வந்தேன். துள்ளும் இடம் வந்ததும் கால் தானாகவே பயந்தது. துள்ளாமல் நடந்து வந்து போட்டேன். பந்து பாதி வழியில் குத்தி, உருண்டு போனது. இரண்டாவது பந்தும் அப்படித்தான். மூன்றாவதை வீம்புக்குத் துள்ளிப் போட்டேன், பாதத்தின் ஓரத்தில் ஒரு சுள்ளென்ற வலி முழங்கால் வரை ஏறியது. முகத்தை ஒன்றும் நடக்காதது போல வைத்துக்கொண்டேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு.

இப்திகார் பந்தைப் பொறுக்கிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தான்.

"மச்சான், ஒனக்கு இன்னம் நோவுது."

"இல்லையடா."

"நான் பின்னுக்கு நிண்டு பாக்கிறன்தானே. காலை வைக்கிறாய், ஒடனே எடுக்கிறாய்." பிறகு டிலானைத் திரும்பிப் பார்த்தான். "இவன் போட ஏலாது. நான் கிளவ்ஸக் குடுக்கிறன். இவன் கீப் பண்ணட்டும். கடசி ஓவர நான் போடுறன்."

டிலான் ஒரு நிமிடம் யோசித்தான். பட்ச்சில் வேறு ஆள் இல்லை. நான் ஆடாவிட்டால் ஆறு பேர் இல்லை, ஆறு பேர் இல்லாவிட்டால் மட்ச் இல்லை. பந்து போடாமல் நான் ஆடக்கூடிய ஒரே இடம் ஸ்டம்ப்புக்குப் பின்னால்தான். "சரி, அப்படியே செய்வம்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு வருடமாக இவன் என் ஓவருக்குத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறான், மாலுபானோடு வந்து காலைக் காலைப் பார்த்தது இதற்குத்தான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. "உனக்கு இது வசதியாப் போச்சு, என்ன?" என்று கேட்டேன். இப்திகார் கையுறைகளைக் கழற்றி என் நெஞ்சில் வைத்தான். உள்ளே அவனுடைய வியர்வை ஈரம் இருந்தது.

வீட்டில் தேத்தண்ணி ஊற்றும்போது ரமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "பதினாலு வருசம் நீங்க போட்டீங்க. அவர் ஒருக்காப் போட்டா என்ன குறைஞ்சா போகும்?" என்றாள். குறைந்துபோகும் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் எங்களுக்கு எதிரே எங்களைவிட ஆறு வருடம் இளைய பட்ச். வயிற்றை இன்னும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளக்கூடிய வயது. நாங்கள் முதலில் ஆடி ஐம்பத்திரண்டு எடுத்தோம்; கடைசி ஆளான நான் மட்டை பிடிக்கவேண்டி வரவில்லை. அவர்கள் நான்கு ஓவரில் நாற்பத்துநான்கு. கடைசி ஓவருக்கு ஒன்பது வேண்டும். டிலான் பந்தை இப்திகாரிடம் எறிந்தான். அந்தப் பந்து என் பக்கம் வராமல் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமைதான், வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

ஸ்டம்ப்புக்குப் பின்னால் குந்தினேன். இப்திகார் தன் ஓட்டத்தின் தொடக்கத்தில் போய் நின்று என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். என்ன பார்க்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. போடு என்று கையுறையை ஆட்டினேன். அவன் ஓடி வந்து, என் கையுறை இருந்த இடத்துக்கு நேரே போட்டான். அந்தப் பொடியன் அதைக் காலுக்குப் பக்கமாக நாலுக்கு அடித்தான். ஐந்து பந்து, ஐந்து ஓட்டம்.

இப்திகார் பந்து வரும்வரை நிற்காமல் என்னிடம் நடந்து வந்தான்.

"மச்சான், நீ நிக்கிற எடத்துக்குத்தான் நான் போடுவன். சரியா நில்லு."

"எங்க நிக்க?"

அவன் என்னைக் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தான். "நான் ஒனக்கு எங்க நிண்டன்? அவன்ட கையப் பாரு, குதிகாலப் பாரு, அடிக்கப் போற பக்கத்த விட்டுப்போட்டு மத்தப் பக்கம் நில்லு. அவ்வளவுதான்."

திரும்பிப் போய்விட்டான். நான் கையுறைகளோடு நின்றேன். ஓடி வரும்போது நான் எப்போதும் பார்ப்பது அவனுடைய கையுறைகளைத்தான். துள்ளுவதற்கு முன் அவன் அரை அடி இடமோ வலமோ நகர்வான், பந்து அங்கே போகும். நான் நினைத்ததைத் தெரிந்துகொண்டு அவன் நகர்கிறான் என்று பதினான்கு வருடம் நம்பியிருந்தேன். அதைக் கல்யாண வீடுகளில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவன் ஒரு தடவையாவது என்னைத் திருத்தியிருக்கலாம்.

இரண்டாவது பந்துக்கு ஏதோ ஓரிடத்தில் நின்றேன், ஓர் ஓட்டம் போனது. மூன்றாவது பந்துக்குத்தான் பட்ஸ்மனை ஒழுங்காகப் பார்த்தேன். அந்த இடத்திலிருந்து எல்லாமே தெரிந்தது. மட்டையின் பிடியில் கீழ்க்கை இறுகுவது, பின்கால் குதி நிலத்தைவிட்டு எழும்புவது. இவ்வளவும் பகிரங்கமாக நடக்கிற விஷயம், நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அரை அடி வலப்பக்கம் நகர்ந்தேன். இப்திகார் அங்கேயே போட்டான். மட்டை காற்றில் போனது. நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஒவ்வொரு ஓட்டம். கடைசிப் பந்து. வெல்ல இரண்டு வேண்டும்.

பட்ஸ்மன் இரண்டு கையாலும் மட்டையை இறுக்கினான். முன்கால் சப்பாத்தின் முனை எழும்பி எழும்பித் தாழ்ந்தது. இறங்கி வந்து அடிக்கப் போகிறான். ஸ்டம்ப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன். அவ்வளவு தூரம் நகர எனக்கே பயமாக இருந்தது. இப்திகார் அந்த முனையிலிருந்து பார்த்தான், ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடி வந்து அந்த இரண்டடிக்கே போட்டான். பட்ஸ்மன் இறங்கினான், வீசினான், தவறினான். பந்து என் கைக்குள் வந்தது. திரும்பி ஸ்டம்ப்பை எட்ட இடது காலில் முழு எடையையும் வைக்கவேண்டியிருந்தது. வைத்தேன். நொந்தது. ஸ்டம்ப் விழுந்தது.

நடுவர் விரலைத் தூக்கினார். டிலானும் மற்ற மூன்று பேரும் கத்திக்கொண்டு இப்திகாரிடம் ஓடினார்கள். அவனைத் தூக்கினார்கள். தூக்கியவர்களின் தோள்மேல் அவன் பிடிக்க இடம் தெரியாமல் கைகளை விரித்துக்கொண்டிருந்தான். பழக்கமில்லாதவன்.

இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. நான் குனிந்து, விழுந்த ஸ்டம்ப்பை எடுத்து நேராக வைக்கப் போனேன். கீப்பரின் வேலை அது. அப்போதுதான், நான் தோளில் இருந்த வருடங்களில் இப்திகார் எங்கே இருந்தான் என்று யோசித்துப் பார்த்தேன். அவன் என்னிடம் ஓடி வந்த ஒரு தடவைகூட ஞாபகத்தில் இல்லை. அவன் வந்தானா என்று நான் தேடியதும் இல்லை. வெட்கமாக இருந்தது, முறிந்த காலைவிட அது கூடுதலாக நொந்தது.

ஸ்டம்ப்பை நிலத்திலேயே போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தேன். ஆடுகளத்தின் முழு நீளம், இருபத்திரண்டு யார் தூரம். நொண்டிக்கொண்டு போனதில் நேரம் எடுத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் அவனை இறக்கிவிட்டிருந்தார்கள்.