முதல் டம்ளர்

தண்ணீரைச் சோதிக்க ஆள் வருகிறார் என்றதும், குழந்தைகள் காப்பகத்து ஆயா விடிந்ததுமே வந்து குழாயைப் பளபளவென்று தேய்த்துவிட்டாள். தண்ணீரையும் வாளி வாளியாக ஓடவிட்டாள். வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாதே!

வந்தவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ராத்திரியிலேர்ந்து யாரும் இதைத் திறக்கலையே?"

"ஒருத்தரும் தொடல சார்," என்றாள் நிர்வாகி, பட்டென்று.

வாயைத் திறந்தால் ஆயாவின் வேலைக்கே உலை. திறக்காவிட்டால் கடவுளுக்கு என்ன பதில் சொல்வது?

"நான் திறந்தேன் சார். நல்லா ஓட விட்டுட்டேன்."

"உன்னை இப்ப யாரு கேட்டா?" என்று நிர்வாகி பல்லைக் கடித்தாள்.

சோதிக்க வந்தவர் சிரித்துவிட்டார். "குழாய்க்குக் கல்யாணமா ஆயாம்மா, இப்படி மினுக்கி வெச்சிருக்கீங்க? பழைய குழாயில ஈயம் இருந்தா, ராத்திரி பூரா தேங்கி நிக்கிற தண்ணியிலதான் அந்த விஷம் ஊறும், சின்னப் பிள்ளைங்க மூளையைக் கெடுக்கும். காலையில வர்ற முதல் தண்ணிதான் எனக்கு வேணும். நாளைக்கு வர்றேன், தொடாம வைங்க."

ஆயா சிரிக்கவில்லை. அந்த முதல் தண்ணீர் யாருக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

எல்லோரும் சிட்டு என்று கூப்பிடும் பிள்ளையின் அம்மா தையல் ஆலைக்கு ஓட வேண்டியவள். மற்றவர்களுக்கு முன்பே மகளை விட்டுப் போவாள். ராத்திரியெல்லாம் குழாயில் குளிர்ந்த தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்து, பிள்ளையை மடியில் வைத்து ஆசையாய்ப் புகட்டுவது ஆயாவின் வழக்கம். மூன்று வயதாகியும் சிட்டுவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

மறுநாள் பிடித்த தண்ணீரில் ஈயம் இருந்தது. குழாயைத் துணி சுற்றிக் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிட்டுவுக்குத்தான் அதிகம்.

"என் கையாலதாம்மா குடுத்தேன்," என்று ஆயா அந்தத் தாயின் முன்னால் தலை குனிந்து நின்றாள்.

"இனிமே பேச்சு முழுசா வருமான்னு டாக்டராலயே சொல்ல முடியல," என்றாள் தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீங்களும் வாயை மூடிட்டு இருந்திருந்தா, எம் பொண்ணு இன்னிக்கும் அதைத்தானே குடிச்சிருப்பா?" மகளைத் தூக்கி ஆயாவின் இடுப்பில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஆயா கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். சிட்டு ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினாள். துணி சுற்றிய குழாயைக் காட்டி அழுதாள். ஆயா அவளை மார்போடு அணைத்துக்கொண்டு, குழாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.